டீச்சர் பேரில் இருந்த வீட்டு வரி

பில் கலெக்டரைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலுமாகத் தெருத்தெருவாக வீட்டு வரி வசூலித்தவன் நான். தெருமுனையில் என் சைக்கிள் திரும்பினாலே பாதி வீட்டில் ஆம்பளைகள் வெளியூர் போயிருப்பார்கள். தேடிப்போக வைக்காமல் வரி கட்டியவர் ராசாமணி டீச்சர் ஒருவர்தான். அவரால்தான் இந்த வேலையில் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதிவைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு மத்தியானம் டீச்சர் எங்கள் அரியலூர் டவுன் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தார். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். வீடு கட்டுவதற்கு அரசாங்கத்தில் முன்பணம் கேட்டிருந்தார். சொந்த வீடு இல்லாத ஊழியருக்குத்தான் அது கிடைக்கும். கணவன் பேரில் வீடு இருந்தாலும் கிடையாது. கணவன் விஷயம் திருச்சி கோர்ட்டில் விவாகரத்தாகி முடிந்திருந்தது. டீச்சர் பேரில் வீடு இல்லை என்று நாங்கள் தரவேண்டிய சர்டிபிகேட் மட்டுந்தான் பாக்கி.

நிர்வாக அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார். "வூடு இல்லைங்குறீங்க. அப்புறம் எதுக்கும்மா தவறாம வரி கட்டுறீங்க?"

"அது அவரு வூடுங்க சார். பட்டா அவரு பேர்லதான் இருக்கு."

"வரி உங்க பேர்லல்ல இருக்கு? இதை வச்சுக்கிட்டு நான் எப்படி இல்லைன்னு எழுதித் தரது?"

டீச்சர் என்னைப் பார்த்தார்.

நம் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். வரி ரசீது வேறு, வீட்டு உரிமை வேறு. ஆனால் அந்தக் காலத்தில் புது வீட்டுக்கு வரி போடப் போனால், வாசலில் நிற்பவர் சொல்கிற பேரை எழுதிவிட்டு வருவார்கள். அன்று டீச்சரின் கணவர் தங்கவேல் சிமெண்ட் ஆலையில் ஷிப்டில் இருந்திருக்கிறார். அவர் அம்மா, "மருமவ வந்த அப்புறந்தான் வூடே எழும்புச்சு, அவ பேரையே எழுதுங்க" என்று சொல்ல, எனக்கு முன்னால் இருந்த பில் கலெக்டர் அப்படியே எழுதிவிட்டார். அந்த அம்மாவும் காலமாகி, புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்த பிறகும் அந்தப் பேர் மட்டும் மாறவில்லை. ஏன் பிரிந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. தெருவுக்கு ஏழெட்டுக் காரணம் தெரிந்திருந்தது.

பிரிந்துபோன முதல் அரையாண்டிலேயே டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "டிமாண்டு நோட்டீசை அங்க குடுக்காதீங்க சார், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாந்துடுங்க" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "குடியிருக்கிறது அவரு, வரி கட்டுறது நீங்க. உங்களுக்கு என்ன டீச்சர் தலையெழுத்து?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தத் தெரு வழியா போறதையே வுட்டுட்டேன் சார். இந்த ரசீதுல மட்டுந்தான் அந்தக் கதவு நம்பரும் எம் பேரும் ஒண்ணா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

இப்போது அந்தப் பேரே குறுக்கே நின்றது. அந்த மாதத்துக்குள் சர்டிபிகேட் போகாவிட்டால் முன்பணம் கைநழுவிவிடும். ஒண்டுக் குடித்தனத்தில், ஆள் துணையில்லாதவள் என்று வீட்டுக்காரி வருவோர் போவோரையெல்லாம் கணக்குப் பார்க்கிற இடத்தில், டீச்சர் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வீடு வேண்டும் என்று அவர் பட்ட ஆசை எனக்குத் தெரியும்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாப் பேரை மாத்திடலாம்" என்றார் அதிகாரி. டீச்சர் மனுவை எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. போட்டதும் என்னிடம் நீட்டிவிட்டு, "நீங்களே அவருகிட்ட போயிட்டு வாங்க சார், என்னால முடியாது" என்றார்.

நான் போனபோது தங்கவேல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். புருவமெல்லாம் சிமெண்ட் தூசி. மனுவை வாங்கிப் படித்தார்.

"அவளே கேட்டாளா அண்ணே?"

"அவங்கதான். இந்தப் பேரு இருந்தா அவங்களுக்கு முன்பணம் கிடைக்காது. வூடு கட்டப் போறாங்க."

"நான் எப்பவோ மாத்தியிருக்கலாம். பட்டா எங்கிட்டதான் இருக்கு. எதுக்கு மாத்தாம வச்சிருந்தேன்னு நினைக்கிறீங்க?"

அவர் மனுவை மடித்தார், பிரித்தார். கையெழுத்துப் போடமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"எந்தப் பக்கம் மனை?"

"செந்துறை ரோட்டுல."

"அங்க கருப்பு மண்ணு. அஸ்திவாரம் ஆழமாப் போவணும், இல்லேன்னா செவுரு வெடிச்சிரும். சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்." பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "இன்னிக்கே மாத்திடுங்க அண்ணே. நாளைக்குன்னா நானே வந்து வாங்கிக் கிழிச்சுடுவேன்."

சைக்கிளை மிதித்த மிதியில் எனக்கு மூச்சு வாங்கியது. அதிகாரி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரை உட்காரவைத்து அன்றைக்கே பேரை மாற்றி, சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டேன். டீச்சரிடம் கொடுக்கும்போது கருப்பு மண் விஷயத்தைச் சொல்லி, ஒரு மேஸ்திரி சொன்னதாகச் சொன்னேன். "எந்த மேஸ்திரி?" என்று கேட்டார். நான் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

முன்பணம் வந்தது, வீடும் எழும்பியது. வரி போட நானே டேப்போடு போனேன். சின்ன வீடுதான், ஆனால் லட்சணமான வீடு. அளந்து முடித்து, "யாரு பேர்ல டீச்சர்?" என்று முறைப்படி கேட்டேன். "எம் பேர்லதான் சார்" என்றார். காபி கொடுத்தார். வீடு நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

"நல்லாத்தான் வந்திருக்கு" என்று சுவரைத் தடவினார். "அந்த வூடு கட்டுறப்ப விடியக்காலம் நான்தான் செவுத்துக்குத் தண்ணி ஊத்துவேன். அவரு ஷிப்ட் முடிஞ்சு வந்து, செவுரு ஈரமா இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் சாப்புட உக்காருவாரு. இங்க ஆள் வச்சு ஊத்திட்டேன் சார். தொட்டுப் பாக்கத்தான் யாரும் இல்ல."

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

பிள்ளைகளே, பெயர் மாற்ற மனு வந்தால் அன்றே முடித்துக் கொடுங்கள், நாளைக்கு வா என்று சொல்லாதீர்கள். நமக்கு அது ஒரு பேரை அடித்து இன்னொரு பேரை எழுதுகிற வேலை. அவர்களுக்கு அந்தத் துணிச்சல் ஒருநாள்தான் இருக்கும்.