கழற்றாமல் விட்ட வளையம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது அப்பா தூங்கும் நாள். சனிக்கிழமை பொழுது சாயும்போது போடிமெட்டு ஜீப்பிலிருந்து இறங்கி வருவார். குளித்துவிட்டு, சோற்றைத் தின்று படுத்தாரானால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் அசைய மாட்டார். அம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். நான் வாயைத் திறந்தால் முறைப்பாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஞாயிறு விளையாட்டு நாள். எனக்கு வாயைப் பொத்திக்கொண்டு உட்காரும் நாள். அப்பா என்றாலே அசதி என்றுதான் அந்த வயதில் எனக்குள் படிந்திருந்தது.

மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் அவர் சூப்பர்வைசர். பெயர்தான் கெத்து, வேலை என்னவோ நடப்பது. காயெடுக்கும் பெண்கள் பல சரிவுகளில் பிரிந்து நிற்பார்கள். அத்தனை பேரையும் தினம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாக வேண்டும். ஒரு மழைக்காலத்தில் ஓடையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவருடைய வலது முழங்கால் சரியில்லை. வாரக் கடைசியில் தேங்காய் கணக்காக வீங்கியிருக்கும். அம்மா நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பாள். கால் முடியாத ஆளை வைத்துக்கொண்டு தோட்டம் பார்க்க முடியாது என்று பெரிய முதலாளி ஜாடையாகச் சொல்லியிருந்தார். அந்த வேலைக்கு ஒரு வாலிபனையும் பார்த்து வைத்திருந்தார்.

"இந்த வருசம் காயெடுப்பு முடியற வரைக்கும் தாங்குவாரான்னு தெரியலடா தம்பி. காலு நின்னுபோச்சுன்னா சோறும் நின்னுபோகும்" என்று அம்மா அடுப்படியில் மாமாவிடம் சொல்லி மூக்கைச் சிந்தியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நாலாம் வகுப்புப் பெண்ணை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் வண்டி வந்தது. சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் அதையும் ஏற்றி வந்திருந்தார். சாலையில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள் அல்ல. பாறையிலும் ஓடையிலும், காலைத் தரையில் ஊன்றாமல், மெல்ல மெல்ல ஏறிப் போகிற போட்டிக்கென்றே செய்தது. டயரில் கட்டைவிரல் தடிமனுக்கு ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். உட்கார இடமே கிடையாது. நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். எஞ்சினுக்கு அசுர பலம். சின்ன முதலாளி முதல் நாளே அதை ஓடையில் இறக்கி, லேசாக ஆக்சிலேட்டரைத் திருகியிருக்கிறார். வண்டி முன்சக்கரத்தைத் தூக்கி அவரை மல்லாக்கப் பாறையில் அடித்துவிட்டது. ஜீப்பு வரும்வரை நினைவில்லாமல் கிடந்தவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் அப்பாதான். அந்த வேட்டியில் ஏறிய ரத்தக்கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. அம்மா அதைக் கிழித்து அடுப்புத் துணியாக்கிவிட்டாள்.

தோளில் கட்டோடு திரும்பி வந்த சின்ன முதலாளி, "இத நீங்களே ரவுண்டுக்கு வச்சுக்கங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். தோட்டத்துக் காவலாளி ஒரு மலையாளத்துக்காரர். தள்ளி நின்று வண்டியைப் பார்த்து, "இது வண்டியல்ல சாரே, பிராந்தன் குதிரையாணு" என்றாராம். பைத்தியக்காரக் குதிரையோ என்னவோ, அதை அடக்கிவிட்டால் அப்பா நடக்க வேண்டாம். ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பில் மூட்டைகளோடு சேர்த்துக் கட்டி, மாமாவிடம் கொண்டுவந்து இறக்கினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போடியில் கிணற்று எஞ்சின்களை ரிப்பேர் பார்க்கிறவர். கை எவ்வளவு வேலை செய்யுமோ அதற்கு மேல் வாயும் செய்யும்.

"இம்புட்டுதான மச்சான்? ஒரு நாச் சோலி. பசுமாடா ஆக்கித் தர்றேன்."

சொன்ன வேகத்தில் ஏறி, உதைத்து, திருகினார். அடுத்த நிமிஷம் எதிர்வீட்டு எருக்குழியில் கிடந்தார். பசுமாட்டு வாசனை மட்டும் இன்றைக்கே வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அந்த வருஷம் அவள் வாய்விட்டுச் சிரித்தது எனக்கு அந்த ஒரு தடவைதான் ஞாபகம் இருக்கிறது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தூங்குவது நின்றது. மாமாவின் தகரக் கொட்டகையில் ஒரு டின்னின் மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமா முதலில் பின்சக்கரத்திலிருந்த பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, லேத்துப் பட்டறையில் அதைவிடப் பெரிதாக ஒன்று கடைந்து மாட்டினார். அப்படிச் செய்தால் வண்டி மெதுவாகப் போகும் என்பது அவர் எண்ணம். மெதுவாகத்தான் போனது. ஆனால் முன்னைவிட அதிகமாகக் குதித்தது. அப்பா விழுந்தார், அதுவும் கெட்ட முழங்காலிலேயே விழுந்தார். மாமா கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

வழி கிடைத்தது பக்கத்து ஊரான சிலமலையில், யாருடைய கிணற்று மேட்டிலோ. பழுது பார்த்த ஆயில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டில் சுற்றுகிற அந்தப் பெரிய இரும்புச் சக்கரம்தான் எஞ்சினை அவசரப்பட விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று மாமாவுக்கு உறைத்திருக்கிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தூக்குச்சட்டியோடு ஓடிவந்தார்.

"கனம் பத்தல மச்சான், அதான் அதுக்குக் கோளாறு. உள்ள சுத்துற சக்கரத்துல ஒரு வளையத்தப் போட்டுக் கனத்த ஏத்திவிட்டா, அது நெனச்ச மாத்திரத்துல எகிற முடியாது."

தடிமனாக ஓர் இரும்பு வளையம் கடைந்து, எஞ்சினுக்குள் சுற்றும் சக்கரத்தோடு சேர்த்து முடுக்கி, மேலே மூடியைப் போட்டார்கள். எஞ்சின் தலைக்கு அடியில் ஒரு செப்புத் தகட்டை வெட்டி வைத்ததில் அதன் சீற்றம் தணிந்தது. தொட்டாலே உறுமிய ஆக்சிலேட்டரை நிறையத் திருகினால்தான் கேட்கும்படி செய்தார்கள். அப்பாவால் நின்றுகொண்டு ஓட்ட முடியாது என்பதால், சாக்கில் தேங்காய்நாரை அடைத்து மாமா ஒரு சீட்டும் தைத்தார். பார்ப்பதற்கு வைக்கோல் அடைத்த கன்றுக்குட்டி மாதிரி இருந்தது.

கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், அப்பா என்னை முன்னால் டாங்கின் மேல் உட்கார வைத்துக்கொண்டு வண்டியைக் கற்களுக்குள் இறக்கினார். கிணற்று எஞ்சின் மாதிரியே டொக் டொக்கென்று நிதானமாக, ஒரு கல்லில் ஏறி அடுத்த கல்லில் இறங்கிப் போனது. எனக்குத் தூக்கம் வருகிறது என்றேன். அப்பா சிரித்த சிரிப்பில் என் முதுகு குலுங்கியது. கரையிலிருந்து மாமா துண்டைச் சுழற்றிக் கத்தினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்தோம். அப்பா நடக்காமலே தோட்டத்தைச் சுற்றிவந்தார். வீக்கம் வடிந்தது. ஞாயிறு காலையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அம்மா பாத்திரங்களைச் சத்தத்தோடு வைத்தாள்.

காலாண்டு லீவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியோடும் ஒரு செய்தியோடும் கொட்டகைக்கு வந்தார். சின்ன முதலாளிக்குத் தோள் சரியாகிவிட்டது. அவருடைய சிநேகிதர்கள் வண்டிகளோடு தோட்டத்துக்கு வருகிறார்கள். ஓடையில் போட்டி. தன் வண்டியைத் தானே ஓட்டப்போவதாக அவர் சொல்லிவிட்டார்.

மாமா உடனே ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "நல்லதாப் போச்சு. வளையத்தக் கழட்டிட்டுப் பழையபடி ஆக்கிருவோம். ஒருவாட்டி திருகட்டும், கீழ தள்ளிவிட்ரும். அப்புறம் சென்மத்துக்கும் இதுபக்கம் வர மாட்டாரு. இப்பிடியே விட்டீகன்னா, நல்லா ஓடுதுன்னு கையோட கொண்டு போயிருவாரு மச்சான்."

அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இப்ப யாரு மாப்ளே அதக் கழட்டி மாட்டுறது? அசதியா இருக்கு."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நான் வெரசாக் கழட்டிர்றேன்."

"வேணாம்னா விடேன். அசதியா இருக்குங்கறேன்ல."

சொல்லிவிட்டு அங்கேயே சாக்கின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மாமா ஸ்பேனரைத் தூக்கி மூலையில் எறிந்தார். எனக்கும் அப்பாவின் மேல் கோபம்தான். வண்டியை இன்னொருவர் கொண்டுபோகப் போகிறார், இவருக்குத் தூக்கம் கேட்கிறது.

போட்டிக்கு முதல் நாள் அம்மா, மாமா, நான் மூவரும் கூலிக்காரப் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். மறுநாள் விடியும்போது குளிர் தாங்காமல் எழுந்து வெளியே வந்தால், காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் அப்பா மட்டும் இருந்தார். ஈரத்தரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வண்டியின் ஒவ்வொரு நட்டையும் முடுக்கிக்கொண்டிருந்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தார். நான் பக்கத்தில் போனதும், "போ ஆத்தா, அம்மாட்டப் போய் வரக்காப்பி குடி" என்றார். காப்பி என்றதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

ஓடைக்கரையில் ஏகப்பட்ட கூட்டம். சின்ன முதலாளி வந்ததும் வண்டியைப் பார்த்துச் சிரித்தார். "யாரு இந்தச் சாக்கு மூட்டைய வச்சது?" என்று சீட்டைப் பிடுங்கி எறிந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் அது ஒன்றுதான். மற்றவர்கள் ஓட்டியபோது வண்டிகள் சீறின, எகிறின. எல்லாரும் பாதியிலேயே காலை ஊன்றினார்கள். ஒருவர் தண்ணீரில் விழுந்தார். சின்ன முதலாளி ஏறும்போது, முன்பு அவரைத் தூக்கி அடித்த அதே பாறையை வண்டி டொக் டொக்கென்று ஏறிக் கடந்தது. கடைசிவரை அவர் கால் தரையில் படவில்லை. நான் கை சிவக்கத் தட்டினேன். நம் வண்டி ஜெயித்துவிட்டதே! திரும்பிப் பார்த்தால் மாமா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா பாறையின்மேல் உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"வெளிநாட்டுல இருந்தப்ப வந்த பழக்கம், இப்பத்தான் கைக்குத் திரும்புது" என்று சின்ன முதலாளி சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா வாயைத் திறக்கப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். அன்று சாயங்காலமே வண்டி லாரியில் ஏறி, கொச்சியில் இருந்த முதலாளி வீட்டுக்குப் போயிற்று. போகுமுன் சின்ன முதலாளி, வண்டியைப் பத்திரமாக வைத்திருந்ததற்காக, அப்பாவுக்குத் தன்னுடைய பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தார். மலையில் நடப்பதற்கு நல்லது என்றார். நல்ல மனசு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அப்பா காயெடுப்பு முடியும் வரை நடந்தார். அதற்குமேல் கால் ஒத்துழைக்கவில்லை. அந்த வாலிபன் வேலைக்கு வந்தான். அப்பா போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் தரையில் உட்கார்ந்து காய் பிரிக்கும் வேலைக்குப் போனார். பாதிச் சம்பளம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஓசையடங்கின.

அன்றைக்குக் கொஞ்சம் சோம்பல்படாமல் அந்த வளையத்தைக் கழற்ற விட்டிருந்தால் நமக்கு இந்தக் கதி வந்திருக்காது என்று அம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அம்மா ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிடுவாள். அசதியா இருக்கு என்று அப்பா சொன்னதை, அவர் மடியில் ரத்தம் வழியக் கிடந்த தலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தும், விடிகாலைக் குளிரில் வீங்கிய முழங்காலை மடக்கி அவர் ஒவ்வொரு நட்டாக முடுக்கியதைக் கண்ணால் பார்த்திருந்தும், நான் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.