மந்திரித்த வேனுக்கு வயது போதாது

போன வாரம் ஒரு வேன் மண்டியிட்டதைப் பார்த்தேன். பொய்யில்லை… எங்கள் ஊர் போர்கோ வெக்கியோ சந்தையில், மீன்கடைக்கு எதிரே, பட்டப்பகலில்!

என் அக்கா ரீட்டாவும் அத்தானும் நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்தார்கள். எட்டு வருடமாக அக்காவுக்குச் சக்கர நாற்காலிதான். அங்கே அவர்களுடைய கார் உயரம், அத்தான்தான் தூக்கி ஏற்றுவார். போன வருடம் அவருக்கு முதுகில் ஒபரேஷன். அதற்குப் பிறகு டாக்டரிடம் போக மட்டும்தான் அக்கா வாசலைத் தாண்டுகிறார்.

இங்கே எங்கள் தேவாலயப் பங்கில் யூட் என்று ஒருவர் இருக்கிறார், மன்னார்க்காரர். வயதான சின்யோராக்களை, அதாவது இந்த ஊர் அம்மாமாரை, ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவது வேலை. சின்ன மின்சார வேன் ஒன்று வைத்திருக்கிறார். அதன் ரிமோட்டை அக்காவின் கையில் கொடுத்தார்.

"நீங்களே அமத்துங்கோ அக்கா."

அக்கா பொத்தானை அமத்தினார். வேனின் பின்பக்கம் சத்தமே இல்லாமல் தாழ்ந்தது. உள்ளேயிருந்து ஒரு பலகை நீண்டு தரையைத் தொட்டது. மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அக்கா சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது… ஒரு வேனைப் பார்த்து!

"இஞ்சை பாருங்கோ, ஒருத்தரும் என்னைத் தூக்கேல்லை," என்றார் அக்கா. பக்கத்து ஊரான பகேரியா போய்ச் சேரும் வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அத்தான் அன்றே முடிவெடுத்துவிட்டார். இந்த வேன் அமெரிக்கா போகிறது!

"அங்கை கரண்ட் வேன் இல்லையோ அத்தான்?" என்று கேட்டேன்.

"இருக்குது, ஒண்டோ ரெண்டோ. பார்சல் ஏத்த நல்லம். இப்பிடிக் குனியிறது ஒண்டையும் நான் காணேல்லை."

காலைச் சாப்பாட்டுக்கே கடையில் நாற்பது விதப் பெட்டி அடுக்கி வைத்திருக்கும் நாடு. இதற்கு மட்டும் ஏன் இந்தப் பஞ்சம்?

யூட்டும் பெருமனதோடு தன் வண்டியையே தரச் சம்மதித்தார். அடுத்து நாம் என்ன செய்வோம்? சட்டம், வண்டிக் கடதாசி பார்ப்போமா? சேச்சே… முதலில் மந்திரிக்க வேண்டாமா! ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் பாதர் தீர்த்தம் தெளித்தார். கண்ணாடியில் செபமாலை தொங்கியது. பக்கத்து வீட்டு மொரிசியஸ் தமிழர் நான்கு சில்லுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பாதர் அந்த நேரம் பார்த்து வானத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகுதான், திங்கட்கிழமை, கப்பலில் சாமான் அனுப்புகிற நம்மாள் ஒருவருக்கு அத்தான் போன் போட்டார்.

"வண்டிக்கு எத்தினை வயசு அண்ணை?"

"ரெண்டுதான். புத்தம் புதுசு மாதிரி!" அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அதுதான் பிரச்சினை. அமெரிக்கச் சட்டத்துக்கெண்டு செய்யாத வண்டியெண்டால் இருபத்தைஞ்சு வயசு ஆகோணும். அப்பத்தான் லேசா விடுவாங்கள்."

சாமான் பழசு என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். புதுசு என்பதற்காக வேண்டாம் என்றதை அன்றுதான் கேள்விப்பட்டேன். அத்தான் போனை வைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்.

அக்காதான் முதலில் வாய் திறந்தார். "எனக்கு இப்ப ஐம்பத்திமூண்டு. வேன் அங்கை வரேக்கை எழுபத்தாறு." அத்தான் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "தடை வேனுக்குத்தானே? எனக்கில்லையே! என்ர ரிக்கற்றைத் தள்ளிப் போடுங்கோ. ரெண்டு மாசம் இஞ்சை நிக்கிறன். உங்கட முதுகும் ஆறட்டும்."

அத்தான் வேலைக்குத் திரும்ப வேண்டும். வியாழக்கிழமை தனியாகத்தான் விமானம் ஏறினார். யூட் ஆஸ்பத்திரி ஓட்டம் முடிந்ததும் தினமும் வந்து நிற்கிறார். ரிமோட் அக்காவின் மடியை விட்டு இறங்குவதில்லை.

நேற்று மத்தியானம் அத்தான் போன் எடுத்தார். "அக்கா எங்கை?"

"தெரியாது அத்தான்… வெளியிலை போயிட்டா."

அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"இன்னொருக்காச் சொல்லும்."