சத்தமாக எண்ணிய மாஷி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

கல்கத்தாவில், பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில் வாரம் மூன்று நாள் வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே வேலை தெரிந்த ஆயாக்கள். நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது, சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுவது, இதிலெல்லாம் அவர்கள் புலி. நான் சொல்லிக்கொடுப்பது வேறு. உடம்பு முடியாதவருக்கு மனசும் முடியாமல் போனால் என்ன செய்வது? பயந்து போனவரிடம் எப்படிப் பேசுவது, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்பவரிடம் எதைச் சொல்லவே கூடாது, வாயே திறக்காதவர் பக்கத்தில் எப்படி உட்காருவது? காலம் பூரா கையால் வேலை செய்தவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் தவித்துப்போகிறார்கள். யாராவது அழுதால் காரணம் கேட்பதற்கு முன்னால் முகம் துடைத்துவிட ஓடுவார்கள். நானும் தொண்டை வற்றக் கத்துவேன்.

போன மழைக்காலத்து வகுப்பில் ஒரு மாஷி இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கானிங் லோக்கல் ரயிலில் வந்து இறங்குவாள். மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி. ஆயாக்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை விடச் சின்னவள், ஆனாலும் நானும் அவளை மாஷி என்றே கூப்பிட்டேன். அவள் என்னைத் தீதி என்பாள், அக்கா என்று அர்த்தம். எங்கள் பேச்செல்லாம் வங்காளத்தில்தான்.

வகுப்பில் நான் அடித்துச் சொல்கிற விதி ஒன்று உண்டு. கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திரு. மனம் சோர்ந்து கிடப்பவருக்குப் பதில் வரத் தாமதமாகும். பத்து எண்ணு. அதற்குள் அடுத்த கேள்வியைத் திணிக்காதே.

இதை நடித்துக் காட்டச் சொன்னேன். நான்தான் நோயாளி. மாஷி எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "டீ குடிக்கிறியாம்மா?" என்று கேட்டாள். பிறகு, "ஏக்... துய்... தீன்..." என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி எண்ண ஆரம்பித்தாள். மற்றவர்கள் சிரித்துச் சிரித்துப் பெஞ்சில் சாய்ந்துவிட்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அது தொழில் பழக்கம். ஆளைத் தூக்குவதற்கு முன்னால் இவர்கள் சத்தமாக எண்ணுவார்கள். எப்போது தூக்கப்போகிறார்கள் என்று தூக்கப்படுபவருக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு திடுக்கென்று விறைத்துப் போகும். மாஷிக்கு எண்ணுவது என்றாலே வாய்விட்டு எண்ணுவதுதான்.

"மனசுக்குள்ள எண்ணு மாஷி. வாயை மூடிக்கிட்டு."

"மனசுக்குள்ள எண்ணினா, நான் காத்துக்கிட்டு இருக்கேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், தீதி?"

எதிர்த்துப் பேசுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் பெயருக்கு எதிரே, இன்னும் பயிற்சி வேண்டும் என்று எழுதினேன். சிவப்பு மையில்.

இருந்தும் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வீட்டுக்கு அவளைத்தான் அனுப்பினேன், வேறு வழியில்லை. அங்கே குளியலறைக்குப் போகும் நடை குறுகல். அந்த இடுக்கில் ஒற்றை ஆளாகத் தூக்க மாஷியால்தான் முடியும். அது ஒரு தமிழ்க் குடும்பம். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருப்பவர்கள். வீட்டில் அண்ணன், தங்கை இரண்டே பேர். தங்கைக்கு முப்பத்தெட்டு வயது. சாலை விபத்தில் இரண்டு காலும் போய்விட்டன. அதற்காவது ஈடு கொடுத்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் அம்மாவும் போன பிறகு பேச்சு நின்றுவிட்டது. மருந்து கொடுத்தால் விழுங்குவாள், ஊட்டினால் மெல்லுவாள், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் மேற்பார்வைக்காகப் போனேன். அண்ணன் பேங்க் ஆபீசர். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் ஒரு விண்ணப்பப் படிவம் வைத்துக்கொண்டு என்னை வாசலிலேயே நிறுத்தினான்.

"அக்கா, எனக்கு ஹைதராபாத் டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு. ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு, இனி முடியாது. இவளைக் கூட்டிட்டுப் போயிடலாம்னா, அங்க இவளுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடையாது. ஹோம்ல சேர்க்கிறதுக்கு ஃபாரம் வாங்கிட்டேன். டாக்டர் வியாழக்கிழமை வரார். அவளா ஏதாவது சொன்னா, ஆயாக்களை வச்சு இங்கேயே இருக்க ஏற்பாடு பண்ணலாம்கறார். ஒண்ணும் சொல்லலேன்னா ஹோம்தான். நான் என்னக்கா பண்றது? கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது."

அவன் கேட்பதையும் அன்றைக்குப் பார்த்தேன். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டான். "சாப்பிட்டியாம்மா? ஃபேன் போடட்டுமா? தலை வலிக்குதா?" என்று மூன்று கேள்வி. பிறகு, "சரி, நான் வரேன்," என்று போய்விட்டான். கெட்டவன் இல்லை, பாவம். இளைத்து அரை ஆளாகியிருந்தான்.

நான் மாஷியின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பகல் ஆயா இரவு ஆயாவுக்கு எழுதி வைக்கும் நோட்டு. மாத்திரை, சாப்பாடு, சிறுநீர் எத்தனை மில்லி, எல்லாம் வரிசையாக இருந்தது. ஓரத்தில் புதிதாக ஒரு பத்தி. டீ 140 என்று இருந்தது. நூற்று நாற்பது மில்லி, நல்ல பழக்கம் என்று நினைத்தேன். அடுத்த வரி ஜன்னல் 155. அதற்கும் கீழே சீப்பு 160.

"என்ன மாஷி இது? சீப்பை எந்த ஊர்ல மில்லியில அளக்கறாங்க?"

"அது எண்ணிக்கை தீதி. தலை வாரட்டுமான்னு கேட்டேன், எண்ணினேன். நூத்தி அறுபதுல கண்ணை மூடித் திறந்தா. சரின்னு அர்த்தம்."

"நான் பத்துன்னுதானே சொன்னேன்?"

"பத்துல ஒண்ணும் வரலியே," என்றாள் அவள், இதென்ன கேள்வி என்பதுபோல. "அதான் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. செய்து காட்டு என்றேன். மாஷி படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, "ஜன்னலைத் திறக்கவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு எண்ணினாள். அரிசி அளக்கிற மாதிரி நிதானமாக, மெல்லிய குரலில்.

பத்து வந்தது, போனது. தங்கையின் முகத்தில் எதுவுமே இல்லை. என் விதிப்படி நான் எழுந்து போயிருக்க வேண்டிய இடம் அது. முப்பதில் எனக்குக் கால் பரபரத்தது. ஐம்பது தாண்டியதும் அவளுடைய தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. எண்பதுக்குப் பக்கத்தில், போர்வையின் மேல் கிடந்த சுண்டுவிரல் அசைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நூறுக்கு மேல் கண்கள் மேற்கூரையிலிருந்து கிளம்பின. எத்தனை மெதுவாக! அலமாரி, சுவர், காலண்டர் எல்லாவற்றையும் கடந்து ஜன்னலுக்கு வந்து நின்றன. நூற்று முப்பத்தொன்றில் தலை ஒரு நூல் அளவு இறங்கியது.

மாஷி எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. இந்தப் பெண் ஆறு மாதமாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது வந்து சேர்வதற்குள் நாங்கள் எல்லோரும் எழுந்து போயிருக்கிறோம். பத்து என்று எந்த மகான் சொன்னார்? என் பொறுமை பத்தோடு தீர்ந்துபோகும், அதனால் பத்து. அதைப் பாடமாக்கி, கரும்பலகையில் எழுதி, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட அந்த முகத்தைப் பற்றிய வியப்புதான் பெரிதாக இருந்தது. ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு தூரம் வர முடிந்தவள் வேறு எதற்குத்தான் வரமாட்டாள்?

டாக்டரை ஃபோனில் பிடித்து விவரம் சொன்னேன். வியாழக்கிழமை காலை அரை மணி நேரமாவது வேண்டும் என்று கறாராகக் கேட்டேன். நல்ல மனிதர், வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நோட்டைப் புரட்டினார். பிறகு தங்கையிடம் வங்காளத்தில், "இங்கேயே இருக்கிறீர்களா, இல்லை ஹோமுக்குப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு கேள்வி ஆகாது டாக்டர்பாபு," என்றாள் மாஷி. "ஒண்ணு கேளுங்க."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சரி. இந்த வீட்டிலேயே இருக்க விருப்பமா?"

மாஷி எண்ண ஆரம்பித்தாள். டாக்டரின் ஃபோன் அடித்தது. பார்க்காமலேயே அணைத்தார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விட்டது. நூறு தாண்டியது. நூற்றைம்பது. வழக்கமாக ஏதாவது வந்துவிடும் இடத்தில் ஒன்றும் வரவில்லை. இருநூறு. மாஷியின் குரல் மட்டும் மாறவேயில்லை. இருநூற்றுச் சொச்சத்தில் அண்ணன் தாங்க முடியாமல், "விட்டுடுங்க டாக்டர், அவளைப் போட்டு..." என்று எழுந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். பொறுமைக்குப் பேர் போன நான்! அவள் பதில் சொல்லாவிட்டால் அந்தப் படிவம் அன்றைக்கே போய்விடும்.

எத்தனையில் என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணிக்கையை விட்டுவிட்டிருந்தேன். தங்கையின் கண்கள் டாக்டரிடம் போகவில்லை, மாஷியிடமும் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி அண்ணனிடம் வந்து நின்றன. உதடு பிரிந்தது. ஆறு மாதம் கழித்து வந்த குரல், கரகரவென்று, தமிழில் வந்தது.

"நீ போண்ணா. நான் இருக்கேன்."

மாஷிக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. "என்ன சொன்னா, தீதி?" என்று என் புடவையை இழுத்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கட்டிலோரத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் போறதுல உனக்கு வருத்தம் இல்லியேம்மா?" என்று கேட்டான். அடுத்த கேள்வி கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். நாங்கள் மூன்று பேரும் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தோம்.