நாள் தப்பிய படையல்

மார்ச் நான்காம் தேதி காலையில் ஜெர்மேன் அம்மாள் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்கு வந்தால், கடையில் ஞானமலர் கேட்காமலே பாகற்காயை எடுத்து வைத்துவிடுவாள். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

“அக்கா, இண்டைக்கு அம்மாவின்ர சாப்பாட்டு நாளெல்லோ? பிஞ்சாப் பாத்து நாலு வைச்சிருக்கிறன். ஊதுபத்தி மல்லிகையோ, சந்தனமோ?”

“சந்தனம் குடுடி. மல்லிகை வாசனைக்கு அம்மாவுக்குத் தும்மல் வரும்.”

“செத்த ஆளுக்கும் தும்மலோ!” என்று அந்த மன்னார்க்காரி சிரித்தாள். “பின்னேரம் வாறன். எனக்கும் பங்கு வையுங்கோ.”

ஜெர்மேனின் அப்பா புதுச்சேரிக்காரர். சைகோனில் ஒரு வங்கியில் காவல் வேலை பார்த்தார். அம்மா வியட்நாம்காரி, பிள்ளை அவளை ‘மா’ என்றுதான் கூப்பிடும். வருசத்தின் ஏழாம் மாதம் பிறந்தால் மா தண்ணீர்போலக் கஞ்சி காய்ச்சி, வாசலில் இலை போட்டு ஊற்றுவாள். யாருக்கு என்று கேட்டால், “வருசத்துக்கு ஒரு நாள் சோறு வைக்கப் பிள்ளை இல்லாத ஆத்துமாக்களுக்கு. பாவம், பசியோடு வீடு வீடாய் அலையும்” என்பாள்.

எழுபத்தைந்தில் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் உள்ளவர்கள் பிரெஞ்சு தேசத்துக்குக் கப்பலேறினார்கள்; அப்பாவும் ஜெர்மேனும் ஏறினார்கள். மா வரவில்லை. தன் தாய் தகப்பன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்த வேறு யாரும் இல்லை என்றாள். பதினேழு வயது மகளின் தலையைத் தடவி, “நான் செத்தால் அந்த நாளில் ஒரு வேளை சோறு வை. எங்கிருந்தாலும் வந்து சாப்பிடுவேன்” என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

எண்பத்து நான்கில் பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சில் நாலு வரி எழுதினார்: மார்ச் நான்காம் தேதி இறந்துபோனாள். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து ஜெர்மேன் அந்தத் தேதியில் காலையில் கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பாள். பிறகு மார்க்ஸ் டோர்மோய்த் தெருவில் தன் சின்ன வீட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மாவின் படத்தை வைத்து, இறைச்சி அடைத்த பாகற்காய்ச் சாறும், இளநீரில் வெந்த பன்றி இறைச்சியும், ஒரு கிண்ணம் சோறும், சாப்பிட இரண்டு குச்சிகளும் வைப்பாள். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்கக் கூடாது.

இந்த வருடம் படிக்கட்டில் வாசனை பிடித்து ஒருத்தி வந்தாள். மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த வியட்நாம்காரி லான். படத்தைக் கும்பிட்டுவிட்டு, பிரெஞ்சில் கேட்டாள்:

“அம்மாவுக்கு இரண்டாம் மாதம் ஐந்தாம் நாளா?”

“இல்லையே. மார்ச் நாலு.”

லான் மெல்லச் சொன்னாள். “நம் ஆட்கள் இந்தப் படையலை நிலாக் கணக்கில்தான் வைப்பார்கள், அக்கா. அந்தக் கணக்கில் இன்றைக்குத்தான் ஐந்து. காலண்டர் தேதி வருசா வருசம் மாறும்.” இறந்த வருடத்தைக் கேட்டு, தொலைபேசியில் எண்பத்து நான்கைப் போட்டுப் பார்த்தாள். இரண்டாம் மாதம், பிறை பிறந்த இரண்டாம் நாள். “இந்த வருடம் அது போன சனிக்கிழமை.”

போன சனிக்கிழமை ஜெர்மேன் நகருக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில், தான் ஞானத்தாயாக நின்ற பிள்ளையின் பிறந்தநாளில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீடு பூட்டியிருந்தது.

“எல்லா வருசமும் பாரு” என்றாள்.

லான் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாற்பத்தொரு வருடத்தில் இரண்டே இரண்டு முறைதான் மார்ச் நான்கும் நிலாக் கணக்கு நாளும் ஒன்றாக விழுந்திருந்தன. ஒன்று, மூன்று வருடத்துக்கு முன்னால். அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இறைச்சி ஆகாதென்று ஜெர்மேன் படையலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தாள். மற்றது இரண்டாயிரத்து மூன்று.

“அந்த வருசம் வச்சிருப்பேன். கட்டாயம் வச்சிருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்தாள். அப்பாவின் காகிதங்களுக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு அகப்பட்டது. அவரைச் சேர்த்தது அந்த வருடம் மார்ச் மூன்று. மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியில்தான் அவள் கிடந்தாள்.

ஞானமலர் சாப்பிட வந்தபோது ஊதுபத்தி அணைந்திருந்தது; ஒருவரும் கை வைக்கவில்லை. நடந்ததைக் கேட்டு அவள் ஜெர்மேனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அழாதேங்கோ. ஒவ்வொரு வருசமும் பூசை குடுத்தனீங்களெல்லோ? கடவுளுக்கு நாள் கணக்கு இல்லை.”

“கடவுளுக்கு இல்லடி. மாவுக்கு இருக்கு.”

“அடுத்த வருசம் சரியான நாளில வைப்பம். நானும் லீவு போடுறன்.”

“நாப்பத்தோரு தரம் வந்து, வெறும் மேசையைப் பாத்துட்டுப் போனவ இன்னும் வருவாளாடி? மக மறந்துட்டான்னு நெனச்சு, எவன் வீட்டு வாசல்ல நிக்கிறாளோ.”

லான் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் விபூதிப் புதன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். ஒருசந்தி நாள் என்பதால் ஜெர்மேன் இரவுக்குக் கஞ்சி மட்டும் காய்ச்சினாள். காய்ச்சும்போதே தண்ணீர் கூடிப் போயிற்று. கிண்ணத்தை மாவின் படத்துக்கு முன்னால் கொண்டுபோனாள். வைக்கக் கை வரவில்லை. கதவைத் திறந்து, வெளியே படிக்கட்டு ஓரத்தில் வைத்தாள். பிள்ளை இல்லாத ஆத்துமாக்களுக்கு மா ஊற்றுவதுபோல, வாசலுக்கு வெளியே.

கதவைப் பூட்டாமல் உள்ளே உட்கார்ந்து செபமாலை சொன்னாள். விடிந்து பார்த்தபோது கஞ்சி ஆடை கட்டி, வைத்த அளவு அப்படியே இருந்தது.