கம்பு வராமல் வழி விடமாட்டேன்

எங்களுக்கு வாக்கி டாக்கி கொடுத்ததாக எழுதி வைத்திருக்கும் சூப்பர்வைசர் பொய்யர். என் பெயர் அமலி. ஓடைப்பட்டிச் சாலையில் பாலம் கட்டிய இடத்தில் ஒரு முனையில் கொடி பிடித்து நின்றவள் நான். மறுமுனையில் நின்றவர் என் கணவர் ஆரோக்கியம். நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் விடவேண்டும். நடுவில் வளைவு. நான் அவரைப் பார்க்க முடியாது, அவர் என்னைப் பார்க்க முடியாது. நடுவில் இருக்கும் கரடு, அந்தச் சின்னக் குன்று, மறைப்பதால் போனும் எடுக்காது.

"ஆளுக்கு அஞ்சு நிமிசம்னு மாத்தி மாத்தி விடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

திராட்சை ஏற்றிய வண்டி மேட்டில் ஊர்ந்து வரும். பைக் பறந்து வரும். ஐந்து நிமிடம் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஒரு டெம்போவும் ஆட்டோவும் வளைவில் எதிரெதிரே வந்துவிட்டன. ஆட்டோ பள்ளத்தில் விழுந்தது. ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. என் மகள் ரீத்தாவின் பள்ளி வேன் தினமும் அதே வழியில்தான் வரும். நான் வேலையை விட்டாலும் வேறொருத்தி இதே கொடியோடு நிற்பாள். வேன் வரத்தான் செய்யும். அன்று மாதா படத்துக்கு முன்னால் மண்டியிடவில்லை. நின்றபடியே சண்டை போட்டேன். "அடுத்தது அந்த வேனுதானா? ஒரு வழியக் காட்டு. இல்லேன்னா இனி ஒம் மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்றேன். அழக்கூட வரவில்லை.

மறுநாள் சாயங்காலம், எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் செபமாலை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாலை ஒன்றுதான், பத்து மணிகள் உருட்டி முடிந்ததும் அடுத்தவர் கைக்குப் போகும். அன்று ஸ்டெல்லாவும் அவள் நாத்தனாரும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டார்கள். செபத்தை நடத்தும் லூர்துமேரி அக்கா அதட்டினார்: "ஏத்தா, மால யாரு கையில இருக்கு? அவுகதான் சொல்லணும். மத்தவுக வாய மூடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாலை கையில் இருப்பவருக்குத்தான் செபம். அதுபோல வண்டிக்கும் ஒரு மாலை வேண்டும்.

விடிந்ததும் ஒடிந்த மண்வெட்டியின் கைப்பிடிக் கம்பு ஒன்றில் சிவப்புத் துணி சுற்றினேன். கம்பு என்னிடம் இருந்தால் என் பக்கத்து வண்டிகள் போகும். கடைசி வண்டிக்காரரிடம் கம்பைக் கொடுப்பேன். அது என் கணவர் கைக்குப் போனபிறகுதான் அவர் பக்கம் திறக்கும். முதலில் வாங்கிய டிராக்டர்காரர், "என்னத்தா, கம்பக் குடுத்து மாடு மேய்க்க அனுப்புறியா?" என்றார்.

"வளைவுக்கு அங்கன எங்க வீட்டுக்காரக நிக்கிறாக. அவுக கையில குடுத்துட்டு மேய்ங்கண்ணே."

எச்சரிக்கைப் பலகை பள்ளத்தை ஒட்டியே கிடந்தது. என் பக்க இறக்கத்தில் பாரவண்டி பிரேக் பிடித்து எங்கே போய் நிற்கிறது என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, பலகையை வெகுதூரம் முன்னால் தூக்கி வைத்தேன். வண்டிகள் காத்துக்கிடப்பது குறைந்தது. சண்டையும் குறைந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை. மழை. எதிர்ப்பக்க வண்டிகள் வந்துவிட்டன, கம்பு மட்டும் வரவில்லை. என் முனையில் நின்ற பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"எதுத்தாப்புல ஒண்ணும் வரலைல்ல? பஸ்ஸ விடு."

"கம்பு வரல சார்."

"கம்பாம் கிம்பாம்! விடலைன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"நாளைக்கு வரல. இன்னைக்கு விடமாட்டேன்."

பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். "மாதாவே, என்னைய நகரவிடாத" என்று மட்டும் சொன்னேன்.

வளைவில் பள்ளி வேன் தள்ளாடி வந்தது. சகதியில் சிக்கிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டதாம். டிரைவர் கையில் என் கம்பு. ஜன்னலில் ரீத்தா. பஸ்ஸை விட்டிருந்தால் அந்த இறக்கத்தில் அது வேன்மேல் ஏறித்தான் நின்றிருக்கும்.

பாலம் முடியும்வரை வேறு எந்த வண்டியும் முட்டவில்லை. முன்பெல்லாம் பேருக்குத்தான் அன்பியத்துக்குப் போவேன். இப்போது பாய் விரிப்பதே நான்தான். சண்டை போட்டதற்கு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களுக்கு ஆபத்து வந்தால், நயமாகக் கேட்க வராவிட்டாலும் கேளுங்கள். என் கத்தலுக்குக் காது கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள்.

ஆட்டோ விழுந்ததற்கு நான்தான் காரணமாம். கையில் வாக்கி டாக்கி இருந்தும் நான் பேசவில்லை என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சூப்பர்வைசர் ஐயா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் மைக் இருக்கும். கால் முறிந்த ஆட்டோக்காரரும் உட்கார்ந்திருப்பார். அத்தனை பேர் முன்னால் வந்து சொல்லுங்கள்: அந்த வாக்கி டாக்கிகளை யார் கையில் கொடுத்தீர்கள்?