வத்தல்மலையில் விண்மீன் கொத்தும் சாமைக் காவலும்

என் கணவன் இளங்கோ மூன்று வருடமாகச் சிலி நாட்டில் இருக்கிறான். பால்வீதியின் நடுப்பக்கமாக உள்ள விண்மீன் கொத்துகளை ஆராய்கிறான். ஒரே மேகத்தில் பிறந்த விண்மீன்கள் கொஞ்சகாலம் கூட்டமாகத் திரியும். அந்தப் பக்கம் ஈர்ப்பின் இழுபறி அதிகம் என்பதால் சீக்கிரமே பிரிந்துபோகும். எப்படிப் பிரிகின்றன என்று கணக்குப் போடுவதுதான் அவன் பிழைப்பு. உலகத்தில் வேறு வேலையே கிடைக்கவில்லையா உனக்கு என்று கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் ஒருநாள், "இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கலாமாம். என்ன சொல்றே?" என்றான். "அந்த வானத்துல அப்படி என்னதான் இருக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அதற்காகத்தான் செப்டம்பர் அமாவாசையன்று வத்தல்மலைக்குக் கிளம்பினேன்.

சேலத்தில் மதியம் ஒரு மணிக்குப் பேருந்து ஏறி, அதியமான்கோட்டையில் இறங்கினேன். பேசிவைத்த கார் காத்திருந்தது. மலைக்குப் போய், தங்கி, காலையில் இறக்கிவிட 2,500 ரூபாய்.

"நட்சத்திரம் பாக்கவாங்க இவ்வளவு தூரம்? சேலத்துல இல்லீங்களா?" என்றார் டிரைவர்.

"அங்க தெருவிளக்குத்தாண்ணே தெரியுது."

கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு ஒருவழியாகிவிட்டது. முன் சீட்டில் உட்காருங்கள். மேலே, டிரைவருக்குத் தெரிந்த பழனியம்மா வீட்டில் தங்கல். சாப்பாட்டோடு 400 ரூபாய். சாமைச் சோறும் அவரைக்குழம்பும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏழரை மணிக்குப் பைனாகுலரோடு வெளியே வந்தால், வீட்டை ஒட்டிய சாமைக் காட்டில் பழனியம்மா பெரிய டார்ச்சைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கதிர் முற்றும் பருவம், காட்டுப்பன்றிக்குக் காவல். வெளிச்சம் முகத்தில் அடிக்க, வானத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்ச நேரம் அணைக்கறீங்களாக்கா?"

"அணைச்சா பன்னி பூந்துருமுங்க. வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. பாக்கற வரைக்கும் கத்திக்கிட்டே இருங்க. நிறுத்துனா லைட்டப் போட்டுருவேன்."

"என்னன்னு கத்தறது?"

"எதையாச்சும் கத்துங்க. நாம கூவுனத அப்படியே அடுத்த காட்டுலயும் கூவுவாங்க. முழிச்சிருக்காங்கன்னு தெரியணுமில்ல?"

டார்ச் அணைந்தது. கண் பழகப் பழக, தென்மேற்கில் விருச்சிக ராசித் தேளின் கொடுக்குக்கு மேலே வெறுங்கண்ணுக்கே ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. பைனாகுலரை வைத்தேன். அடேயப்பா! சிந்திய உப்பைப் போல அத்தனை விண்மீன்கள். இன்னும் பிரியாமல் ஒன்றாக இருந்தன. இதைக் காட்ட வேண்டியவன் பக்கத்தில் இல்லையே.

"கத்துங்க, கத்துங்க!" என்றார் பழனியம்மா.

வேறு எதுவும் வாயில் வரவில்லை. "இளங்கோஓஓ!" என்றேன்.

கீழ்க்காட்டிலிருந்து ஓர் ஆண்குரல், "இளங்கோஓஓ!" என்றது. ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு பெண்குரல். அதற்கும் அப்பால் இன்னொன்று. பார்ப்பதை நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தேன். மலை என் புருஷனைத் தேடிக்கொண்டிருந்தது.

"யாருங்க அது?" என்றார் பழனியம்மா.

"எங்க வூட்டுக்காரரு."

"அட ஆத்தா! புருசன் பேரயா ஊரக் கூட்டிக் கூவறீங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு டார்ச்சைப் போட்டவர், என் கன்னம் நனைந்திருந்ததைப் பார்த்திருப்பார் போல, சிரிப்பை நிறுத்திவிட்டு அவரும் ஒருமுறை கூவினார்.

போக நினைப்பவர்களுக்கு: அமாவாசையை ஒட்டிப் போங்கள். மழைமேகம் ஏமாற்றலாம், இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். சாதாரண பைனாகுலரே போதும். காவல் இருப்பவர்களிடம் கேட்காமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள், பயத்துக்காகச் சொல்லவில்லை.

நான் தங்கிய இடத்தில் சிக்னல் இல்லை. மறுநாள் காலை அடிவாரத்தில்தான் போன் உயிர்பெற்றது. "தெரிஞ்சுதா?" என்று இளங்கோவின் செய்தி வந்திருந்தது.

பதில் எழுதினேன்: "தெரிஞ்சுது. நீட்டிக்காதே, வந்துடு. நாலு காட்டிலிருந்து உன்னைக் கூப்பிட்டாச்சு."