மல்லிகா எழுதிய ஆங்கிலம்

சென்ற மாதம் ஒரு மதியம், யாரோ ஒரு மாணவரின் ஆய்வுக் கட்டுரையில் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது மல்லிகாவின் தம்பி போன் செய்தான். "அக்கா போய்ட்டாங்க" என்றான். மஞ்சள் காமாலை என்று திருவண்ணாமலையில் சேர்த்திருந்தது எனக்குத் தெரியும். தேறிவிடுவாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போனை வைத்த பிறகும் அந்தக் கட்டுரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

வரலாற்றுத் துறையில் எங்களோடு படித்த உங்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் கொல்லை உழுது சாமை விதைக்கிற வீட்டுப் பெண் அவள். நான் அடிவாரத்துச் சந்தவாசல். இருவருமே தமிழில் படித்துவிட்டு, எம்.ஏ.வில் ஆங்கிலத்திடம் மாட்டிக்கொண்டவர்கள். விடுதியில் ஒரே அறை. வெள்ளைக்காரன் காடுகளைக் கைப்பற்றிய கதையைச் சொல்லும் ஒரு தடிப் புத்தகத்தின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் என்று முட்டி மோதினோம். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் கிடைக்கும், வாக்கியம் மட்டும் பிடிபடாது. "இன்னாதான்டி சொல்ல வர்றாரு இந்தாளு? சொல்லப் பயந்துக்கினு சுத்தி சுத்தி வர்றாரு" என்பாள். சிரிப்போம். சிரித்து முடித்ததும் அதே பக்கம் அப்படியே கிடக்கும்.

இருவரும் ஆய்வில் சேர்ந்தோம். அவள் எடுத்துக்கொண்டது, தன் மலையில் காப்புக்காட்டு எல்லை எப்படிப் போடப்பட்டது என்பதை. முதல் இயலைக் கொடுத்த வாரத்தில் நெறியாளர் கூப்பிட்டனுப்பினார். பிறர் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும் கணினிச் சோதனையில் பாதிக்கு மேல் சிவப்பு. பெரிய ஆசிரியர்களின் வரிகள் வரிசையாக வந்திருந்தன, யாருடையவை என்ற குறிப்பே இல்லாமல். மாற்றி எழுதித் தராவிட்டால் பதிவே ரத்தாகும் என்றார். திருட்டு என்ற சொல்லையும் சொல்லிவிட்டார்.

அறைக்கு வந்து அழுதாள். "கல்யாணத்துக்குப் போறப்ப நல்ல பொடவையா இரவல் வாங்கிக் கட்டிக்கினு போவோம்ல, அப்படித்தான்டி நெனச்சேன். பெரிய எடத்துக்கு என் இங்கிலீஷக் கட்டிக்கினு போறதுக்கு வெக்கமா இருந்துச்சு." மலையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள் திருடி என்ற பெயரோடு எப்படி ஊர் திரும்புவாள்? வூட்டுக்கே போயிடறேன் என்று இரண்டு முறை பையைக் கட்டினாள். பிறகு பையை அவிழ்த்துவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

புத்தகங்களை எல்லாம் மூடிவைத்துவிட்டு எழுதினாள். குட்டிக் குட்டி வாக்கியங்கள். யாரிடமிருந்து எதை எடுத்தாளோ அவர் பெயரைப் போட்டாள். நெறியாளர் படித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல இருக்கிறதே என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "தப்பு இருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கிறேன். சின்னதா இருக்குதுன்னா, இருக்கட்டுங்க" என்றாள். அவர் முகம் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு எந்த இயலும் திரும்பி வரவில்லை.

நான் ஆய்வை முடித்துக் கௌரவ விரிவுரையாளர் ஆனேன். அந்தச் சம்பளம் போதாமல் பிறர் ஆங்கிலத்துக்கு மெருகு போட்டுத் தருகிறேன். நேரே நடக்கிற வாக்கியத்தைச் சுற்றுவழியில் விடுவதுதான் பெரும்பாலும் என் வேலை. உண்மையைச் சொன்னால் அலுத்துப்போய்விட்டது. அவளோ கடைசி இயலை முடித்துவிட்டு, ஆய்வேட்டைக் கொடுப்பதற்குள் படுத்துவிட்டாள்.

காரியம் முடிந்து மலையிலிருந்து நான் இறங்கிய மறுநாள் நெறியாளர் பேசினார். துறை வெளியிடும் தொகுப்பில் அவளுடைய கடைசி இயலைச் சேர்க்கிறார்களாம். "மொழியை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடும்மா, இப்படியே போட்டால் குழு ஒத்துக்கொள்ளாது" என்றார்.

கோப்பைத் திறந்தேன். முதல் இரண்டு வாக்கியங்கள், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "கோடு போட்டவர் மலை ஏறவில்லை. கோட்டுக்குள் எங்கள் கொல்லை இருந்தது." கள ஆய்வின்றி எல்லை நிர்ணயம் மேற்கொள்ளப்பட்டது என்று இதை மாற்றுவதற்கு எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. மாற்றினால், மலை ஏறாத அந்த ஆள் அதில் ஒளிந்துகொள்வான்.

ஓர் எழுத்தையும் தொடாமல் திருப்பி அனுப்பினேன். இப்படியே போடுங்கள் சார், முடியாதென்றால் விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டு வாக்கியங்களைத்தான். அவள் போன பிறகு அவளுக்கு இரவல் புடவை கட்டிவிட என்னால் ஆகாது.